பச்சைக் கற்பூரமும் ஜனக்புரி இருமலும்

என் மனைவியின் மூக்கு வேலையை நிறுத்தியது ஓர் ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வாரத்தில், செவ்வாய்க்கிழமை. எதையும் மாதம் கிழமையோடு சொல்வது என் வழக்கம். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளின் ஓரத்தில் தேதி போட்டுப் போட்டு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வீட்டில் அதற்கு மதிப்பில்லை. "போனது மூக்கு. செவ்வாய்க்கிழமை போனா என்ன, புதன்கிழமை போனா என்ன?" என்று பின்னாளில் அவளே கேட்டாள்.

அப்போது ஜனக்புரியில் எங்கள் பிளாக் முழுவதும் காய்ச்சல். மாடிவீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் எல்லோரும் வரிசையாகப் படுத்தார்கள். அங்கிருந்து படியிறங்கி வந்த காய்ச்சல் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பிடித்தது. ஒரு வாரத்தில் விட்டது. எழுந்தாள், குளித்தாள், ரசம் வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மாடிவீட்டு அம்மாள் வாயிற்கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்.

"பாபிஜி! கேஸ்! கேஸ் கீ பத்பூ ஆ ரஹீ ஹை! ஜல்தி!"

கேஸ் நாறுகிறது என்று அவர் கத்தியதைக் கேட்டு, நான் குளியலறையிலிருந்து இடுப்பில் துண்டோடு ஓடிவந்து கதவைத் திறந்தேன். அடுப்பில் ஒரு பர்னர் அணைந்து, கேஸ் உஸ்ஸென்று வெளியேறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நிதானமாக. ஒவ்வொரு பீன்ஸையும் ஒரே அளவாக.

மாடிவீட்டு அம்மாள் ஜன்னல்களைத் திறந்தார், சிலிண்டரை மூடினார், என் துண்டைக் கவனித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடியேறிப் போனார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா, நிஜமாவே நாத்தம் வரதா?"

"ஆமா, நாறறது."

அவள் எழுந்து பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தாள். அடுத்தது காபிப்பொடி. அடுத்தது, முந்தின நாள் நான் கழற்றிப் போட்டிருந்த சட்டை. மூன்றையும் ஒரே முகபாவத்தோடு முகர்ந்துவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே இல்லை," என்றாள். "உங்க சட்டைகூட இல்லை."

அந்த மூக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மாடிப்படியின் அடியில் நின்றே எந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடும் மூக்கு அது. சாயங்காலம் திரியப்போகிற பாலைக் காலையிலேயே ஒதுக்கிவிடுவாள். ஒருமுறை மெட்ரோவில் எதிர்வரிசைக்காரரைப் பார்த்து, "அவர் பையில சக்கைவறட்டி இருக்கு" என்றாள். இறங்கும்போது நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பாலக்காட்டுக்காரர். பலாப்பழத்தை வெல்லத்தில் கிளறிய அந்தப் பண்டம் இருந்தது. எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

ஆனால் அவளுக்கு அந்த மூக்கு தேவைப்பட்டது வேறு ஒரு காரியத்துக்கு. எங்கள் வழக்கத்தில் சுவாமிக்குப் படைக்கிற எதையும் சமைக்கிறவர் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, இனிப்பு, பதம் எல்லாவற்றையும் கண்ணாலும் வாசனையாலும்தான் அறியவேண்டும். முகர்ந்து பார்ப்பதும் தப்பு என்று சொல்கிற கறார் பேர்வழிகள் உண்டு. அவர்களுக்கு என் மனைவி ஒரு வியாக்கியானம் வைத்திருந்தாள். மூக்கைப் பாத்திரத்திடம் கொண்டுபோனால் குற்றம். வாசனை தானாக மூக்கிடம் வந்தால் குற்றம் இல்லை. அதனால் நைவேத்தியம் சமைக்கும்போது பாத்திரத்திலிருந்து ஒரு கை தூரத்தில் நிமிர்ந்து நின்று, வேறு எதையோ யோசிப்பவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள். வாசனை தானாக வரும். அவளும் தானாகத் தெரிந்துகொள்வாள்.

இப்படித்தான் மார்கழி மாதம் இருபத்தேழாம் நாளான கூடாரவல்லி அன்று எங்கள் பஜனை கோஷ்டிக்கு, அரிசியும் பருப்பும் பாலில் குழைந்த வெல்லப் பொங்கலான அக்காரவடிசல் செய்வாள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸை விட்டு ஜனக்புரிக்கு வந்த வருடத்திலிருந்து அது அவளுடைய பொறுப்பு. மற்ற நாள் பிரசாதத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்த ஒரு நாள் அடுப்பு இவளுடையது. எழுதிவைத்த உரிமை இல்லை. அதனால்தான் கவலை. நடுவில் ஒரு வருடம் இவள் ஊருக்குப் போயிருந்தபோது சி பிளாக் மாமி செய்தாள். திருநெல்வேலிக்காரி, கெட்டிக்காரி. "இந்தத் தடவை ஒரு படி மேலே" என்று யாரோ இரண்டு பேர் சொன்னது தொலைபேசி வழியாகத் தஞ்சாவூர் வரை வந்து சேர்ந்தது. இவள் திட்டமிட்டதற்கு முன்னாலேயே டெல்லி திரும்பிவிட்டாள். இன்னொரு முறை அந்த அடுப்பு கைமாறினால் திரும்பி வராது என்பது அவளுடைய பயம்.

"மூக்கு விஷயம் யார்கிட்டயும் மூச்சு விடப்படாது," என்றாள். "முக்கியமா சி பிளாக்குக்கு."

காது மூக்கு தொண்டை டாக்டர் ஓர் இளைஞர். காய்ச்சலுக்குப் பின் இப்படிப் பலருக்கு ஆகிறது, வாரங்களில் வரலாம், மாதங்களிலும் வரலாம் என்றார். பயிற்சி ஒன்று கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கின் எண்ணெயையும் நான்கு குப்பிகளில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் முகரவேண்டும். முகரும்போது அந்த வாசனையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

"ஞாபகமெல்லாம் இருக்கு டாக்டர். வாசனைதான் இல்லை."

யூகலிப்டஸை முகர்ந்ததும் அவள், "ஏதோ தெரியறது! ஜில்லுனு!" என்று துள்ளினாள். டாக்டர் தலையை ஆட்டினார். அது வாசனை அல்லவாம். குளிர்ச்சியும் எரிச்சலும் வேறு நரம்பு வழியாகப் போகின்றனவாம். வாசனை நரம்பு தூங்கினாலும் அது விழித்திருக்குமாம். "வாசல்ல ஆள் வந்திருக்கிறது தெரியுது, யாருன்னு தெரியலை. அப்படி வச்சுக்கோங்க," என்றார் இந்தியில். என் மனைவிக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் யூகலிப்டஸைத் தூக்கி அலமாரியின் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பச்சைக் கற்பூர டப்பாவை வைத்தாள். "எனக்கு யூகலிப்டஸ் தெரிஞ்சு என்ன ஆகணும்? இது தெரிஞ்சாப் போதும்." அக்காரவடிசலில் எல்லாவற்றையும் கண்ணால் ஒருவாறு பார்த்துவிடலாம். பச்சைக் கற்பூரம் ஒன்றுதான் முழுக்க முழுக்க மூக்கின் விஷயம். ஒரு சிட்டிகை குறைந்தால் வெறும் பாயசம். ஒரு சிட்டிகை கூடினால் கசப்பு.

அந்த நாட்களில் நான் பச்சைக் கற்பூரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆரத்திக்கு ஏற்றுகிற சூடம் வேறு, இது வேறு. அசல் சரக்கு சுமத்திரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு பெரிய மரத்தின் வயிற்றுக்குள் வெள்ளைச் சில்லாக உறைந்து கிடைப்பது. அதன் சாரமான பொருளுக்கு வேதியியலில் போர்னியால் என்று பெயர். அதற்கும் கற்பூரத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். லாவண்டரிலும் ரோஸ்மேரியிலும்கூட அது இருக்கிறது. அத்தர் காய்ச்சுகிறவர்களும் சென்ட் தயாரிக்கிறவர்களும் விரும்பி வாங்குகிறார்கள். நாம் பொங்கலில் போட்டுவிடுகிறோம். இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு அணுவா? அதுக்கா கோல் மார்க்கெட் கடைக்காரன் இவ்வளவு வாங்கறான்?" என்றாள்.

குருகிராமிலிருக்கும் மகள் போனில் வழி சொன்னாள். "அம்மா, டென்ஷன் ஏன்? ஒரு சின்ன வெய்யிங் ஸ்கேல் வாங்கி வெய்ட் பண்ணிப் போடு. பஸ், அவ்ளோதான்."

அது நடக்காது. இந்தப் பொருளுக்கு நிலையான குணமே கிடையாது. டப்பாவில் இருக்கும்போதே காற்றாகக் கரைந்துபோகும். கூடவே நாலு மிளகைப் போட்டு வைத்தால் கரையாது என்று ஒரு நம்பிக்கை. ஒரு கடைச் சரக்கு காரமாக இருக்கும், இன்னொன்று சோப்புபோல இருக்கும். எடை ஒன்றாக இருந்தாலும் வாசனை ஒன்றாக இருக்காது. "டப்பாவுக்கு டப்பா மாறும்டி," என்று மகளிடம் சொல்லிவிட்டு, போனை வைத்து, என் முகத்தை உற்றுப் பார்த்தாள். முகத்தை அல்ல, மூக்கை.

"நீங்கதான் இனிமே மூக்கு," என்றாள்.

என் மூக்கு பழைய கோப்புகளின் தூசியில் வளர்ந்தது. அதற்குத் தெரிந்தது தும்மல் ஒன்றுதான். நவம்பர் முழுவதும் எனக்குப் பயிற்சி நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு சமையலறை வாசலில் உட்காரவேண்டும். உள்ளே அவள் பாசிப்பருப்பு வறுப்பாள்.

"இப்போ?"

"பருப்பு வாசனை."

"பருப்பை வறுத்தா பருப்பு வாசனைதான் வரும். பச்சை வாசனையா, வறுபட்ட வாசனையா?"

"நடுவுல."

"நடுவுல எங்கே?"

முதல் வாரம் பருப்பு இரண்டு முறை கருகியது. இரண்டாம் வாரம் பால் அடிப்பிடிக்கும் வாசனையைச் சொன்னேன், பிடித்த பிறகு. மூன்றாம் வாரத்தில் ஏதோ ஒரு கதவு திறந்தது. நெய்யில் முந்திரி சிவக்கிற நேரம் சரியாகத் தெரிந்தது. பச்சைக் கற்பூரம் போடும்போது, வெல்ல வாசனையின் மேல் ஒரு ஈரத்துணி விரித்தாற்போல் குளிர்ச்சி படரும், அதுதான் அளவு. அதற்கு மேல் போட்டால் ஆஸ்பத்திரி. டிசம்பரில் மூன்று ஒத்திகைகளிலும் நான் தேறினேன். அத்தனை அக்காரவடிசலையும் நாங்களே சாப்பிட்டோம். மாடிவீட்டுக்கும் கொடுத்தோம்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. சமுதாயக் கூடத்தின் சமையலறைக்குள் அன்று மாமிகள் நிறைந்திருப்பார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கலாமே தவிர, "போதும், நிறுத்து" என்று கத்த முடியாது. கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். இதற்கும் படிப்புதான் உதவியது. மலாய் நாட்டுக் காடுகளில் முற்காலத்தில் கற்பூரம் தேடிப்போகிறவர்கள் காட்டுக்குள் ஊர்ப்பேச்சைப் பேசமாட்டார்களாம். அந்த நாட்களுக்கென்று தனியாக ஒரு கற்பூர பாஷை இருந்ததாம். சாதாரணப் பேச்சைப் பேசினால் மரத்திலிருந்து கற்பூரம் கிடைக்காது என்று நம்பினார்கள்.

"நாமும் ஒரு பாஷை வச்சுப்போம்," என்றேன். "இருமல். ஒரு இருமல்னா இன்னும் ஒரு சிட்டிகை. ரெண்டு இருமினா போதும்."

அவளும் சரி என்றாள். ஜனவரி மாதத்து டெல்லியில் இருமலைச் சங்கேதமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நான் ஒருவன்தான் இருமினேன்.

கூடாரவல்லி அன்று விடியுமுன் கூடத்துக்குப் போனோம். பனியில் எதிரே நிறுத்தியிருந்த கார்கூடத் தெரியவில்லை. வெளியே காவலாளி எதையோ எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புகையும் பனியும் ஒன்றாகக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தன. மங்கிகேப், மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர் என்று ஒவ்வொருவராக வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். கோஷ்டியின் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம், "ஏனுங்க, பஜனை முடிஞ்சதும் சூடா காபி இருக்குதுங்க, போயிடாதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப்பேர் காபிக்காகத்தான் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நான் சமையலறை வாசலில் என் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உள்ளே வெண்கல உருளியின் முன்னால் என் மனைவி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இன்னோர் அடுப்பில் இரண்டு மாமிகள் காலைச் சாப்பாட்டுக்கு வெண்பொங்கல் குழைய விட்டுக்கொண்டிருந்தார்கள். சி பிளாக் மாமி தரையில் உட்கார்ந்து பூத்தட்டு அலங்கரித்துக்கொண்டிருந்தாள்.

பருப்பு வறுபட்ட வாசனை வந்தது. இரண்டு முறை இருமினேன். அரிசி விழுந்தது. பால், வெல்லம், நெய், ஒவ்வொரு கட்டத்திலும் மூக்கும் தொண்டையும் ஒழுங்காக வேலை செய்தன. வெல்லம் கரைந்து பச்சை வாசனை போன நேரத்தை நான் சொன்னது அவ்வளவு கச்சிதம். அவள் திரும்பாமலே தலையை லேசாக அசைத்தாள். எங்கள் திருமண வாழ்க்கையில் இப்படிப்பட்ட பாராட்டு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

அப்போது சி பிளாக் மாமா வந்தார். மாமியின் கணவர், விமானப்படையில் இருந்தவர். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஓய், பேப்பரா? வெளிச்சமே இல்லையே." ஒரு இருமல். கட்டையான, தனி இருமல்.

உள்ளே என் மனைவியின் கை கற்பூர டப்பாவுக்குப் போனது.

அது முதல் சிட்டிகை. எப்படியும் போடவேண்டியதுதான் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். "வாங்கோ," என்றேன்.

"பனியைப் பாத்தேரா? நாங்க பறந்த காலத்திலே இப்படியா..." இருமல். கை போனது. "ஊருக்குப் போற ரயிலெல்லாம் ராத்திரிலேர்ந்து நிக்கறதாம்." இருமல். கை.

வெல்லத்தின் மேல் ஈரத்துணி விரித்தாயிற்று. நான் தெளிவாக, இடைவெளி விட்டு, இரண்டு முறை இருமினேன். என் இரண்டாவது இருமல் முடிவதற்குள் அவர் ஒன்று இருமினார். மூன்று. எங்கள் பாஷையில் மூன்றுக்கு அர்த்தம் கிடையாது. என் மனைவி ஒரு கணம் தயங்கி நின்றாள். நான் மறுபடி இரண்டு இருமினேன். அவரும் கூடவே இருமிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்குமா? இந்த ஊர்க் காத்தே விஷம் ஓய். நான் ஒரு மூலிகைக் கஷாயம் சொல்றேன், எழுதிக்கும்."

"ஒரு நிமிஷம் மாமா..."

"எங்கே ஓடறீர்? மொதல்ல சித்தரத்தை." இருமல்.

மூன்று இருமலுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லித்தரவே இல்லை என்றும், கற்பூரம் ரொம்பவே குறைச்சல் என்று நான் தவிப்பதாகத் தான் நினைத்துவிட்டதாகவும் அவள் பிறகு சொன்னாள். அந்தக் கணத்தில் நான் பார்த்தது இதுதான். அவள் டப்பாவை உள்ளங்கையில் மொத்தமாகக் கவிழ்த்தாள். நாலு மிளகைப் பொறுக்கி எடுத்துத் தனியே வைத்தாள். மீதியை உருளியில் போட்டாள்.

குளிர் அலை ஒன்று வாசல் வரை வந்தது. வெண்பொங்கல் மாமிகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி உருளியின் முன்னால் அசையாமல் நின்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வாசலில் ஒரு கூட்டமே வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

நைவேத்தியத்துக்கு அரைமணி நேரம் இருந்தது. நான் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அவளே திரும்பினாள். என் பக்கம் அல்ல.

"மாமி, கொஞ்சம் இங்கே வாங்கோ."

சி பிளாக் மாமி பூத்தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எனக்கு மூக்கு போய் அஞ்சு மாசம் ஆறது," என்றாள் என் மனைவி. எல்லோரும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "இதுல கற்பூரம் ஜாஸ்தியா விழுந்துடுத்துன்னு தோணறது. கண்ணு எரியறது. வாசனை எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."



"நான் என்னத்தைச் சொல்ல? பூத்தட்டு வரைக்கும் வந்துட்டே," என்றாள் மாமி. "யாரோ தைலம் தேச்சுண்டிருக்கான்னுல்லா நெனச்சேன்." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "மூக்கு போனது எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"நவராத்திரிக்கு வந்தேனோல்லியோ. ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி எடுத்தேள். உள்ளே ஒரு கிண்ணத்துல மாவு. புளிச்சு ஊரைக் கூட்டறது. நீங்க சிரிச்சுண்டே கதவைச் சாத்தறேள். உங்க மூக்குக்கு அது அடுக்குமா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, அடுப்பைப் பிடுங்க வந்திருக்கான்னு நெனைப்பேள்."

என் மனைவி யோசித்தாள். "நெனைச்சிருப்பேன்," என்றாள்.

"அதான் கேக்கலை. சரி, அழறதெல்லாம் அப்புறம். பால் வேணும். நெறைய."

"நான் அழலை. கற்பூரம்."

"தெரியும். பால் எங்கே?"

பால் இருந்தது. ஒரு பெரிய அடுக்கு நிறைய, காய்ச்சி மூடி, செயலாளரின் நேரடிப் பாதுகாப்பில். மாமி அதன் மூடியைத் திறந்ததும் அவர் எங்கிருந்தோ ஓடிவந்தார்.

"ஏனுங்க, அது காபிப் பாலுங்க!"

"இனிமே அக்காரவடிசல் பால்."

"அம்மிணி, கொஞ்சம் யோசிங்க. இந்தக் குளிர்ல அத்தன பேரும் காபின்னு உக்காந்திருக்கறாங்க. பால் பூத்துக்கு வண்டியே வரலீங்க, பனி."

"காபி வேணுமா, பிரசாதம் வேணுமா? உள்ளே போய்க் கேட்டுண்டு வாங்கோ."

அவர் கேட்கப் போகவில்லை. என்ன பதில் வரும் என்ற பயமாக இருந்திருக்கலாம். கண்ணெதிரே அடுக்கு உருளியில் கவிழ்ந்தது. அதுவும் போதவில்லை. உப்பும் தாளிப்பும் இன்னும் சேராத வெண்பொங்கலில் பாதி உருளிக்குப் போனது. கையிருப்பு வெல்லமெல்லாம் போனது. திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் கற்பூரம் ஆவியாகிப் போகும் என்ற தகவலை நான் வாசலிலிருந்து சொன்னேன். "அதை இப்போ சொல்றாரே," என்றாள் மாமி என் மனைவியிடம், நான் அங்கே இல்லாததுபோல. ஆனாலும் தீயைப் பெரிதாக்கினாள்.

ஆவியான கற்பூரம் எங்கே போகும்? கூடத்துக்குத்தான். அதுவரை ஜலதோஷத்தோடு மூக்கால் பாடிக்கொண்டிருந்த கோஷ்டிக்கு ஒரு பாட்டின் நடுவிலேயே குரல் திறந்துகொண்டது. மேல் ஸ்தாயி அவ்வளவு சுத்தமாக ஒலித்து நான் அந்தக் கூடத்தில் கேட்டதில்லை. என் பக்கத்தில் மாமா ஆழமாக மூச்சை இழுத்து, "இன்னிக்குக் காத்து நன்னாருக்கே," என்றார். இருமலும் நின்றிருந்தது. இப்போது நின்று என்ன பயன்?

கடைசியில் பரீட்சை. மாமியும் வழக்கத்தை மீறமாட்டாள். உருளிக்குப் பக்கத்தில் போகாமல் கதவோரம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். என் மனைவி துழாவினாள். வாசனை தானாக வரவேண்டும்.

"இன்னும் இருக்கு... இன்னும்... இப்போ வெல்லம் எட்டிப் பாக்கறது. துழாவுங்கோ. நெய் வந்துட்டு." ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள், பாஷை எதுவும் இல்லாமல். "போதும். இறக்கிடுங்கோ."

நைவேத்தியம் ஆனது. பிரசாதம் வரிசையாகப் போயிற்று. என் மனைவி சமையலறைக் கதவின் பின்னால் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வாயில் போட்டேன். இனிப்பு, நெய், அதன் பின்னால் நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கசப்பு, தொண்டையில் நீண்ட குளிர்ச்சி. கசப்பு நிச்சயம் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் வந்து, "ஆன்ட்டி, மின்ட் போட்டீங்களா? பஹுத் அச்சா," என்றாள். "ஆமா," என்றாள் என் மனைவி. செயலாளர் காபி போன துக்கத்தில் மூன்று தொன்னை சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"அப்ப அடுத்த வருசத்துக்கு... மூக்கு சரியில்லீன்னா, நம்ம சி பிளாக் அம்மிணியே..."

"அடுத்த வருஷமும் அவாதான்," என்றாள் சி பிளாக் மாமி. பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவா கை. நான் கதவாண்டை நின்னுப்பேன். ஒண்ணு மாத்திரம். இந்த ரெண்டு மாமாவும் சமையலறை வாசல்ல உக்காரப்படாது."

என் மனைவி சாம்பல்நிறத் தேய்ப்பான் ஒன்றை எடுத்துக்கொண்டு உருளியின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு சம்புடம் நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாயங்காலம் அவள் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுக்கொண்டு என்னெதிரே உட்கார்ந்தாள். இனிப்பும் குளிர்ச்சியும் தெரிகிறதாம். மற்றது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நன்னாருக்கு."

"அது எல்லாரும் சொன்னா. வாசனை எப்படி இருக்கு?"

நான் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். படித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. காடு, மரம், போர்னியால், அணுக்கள். "கற்பூர வாசனை," என்றேன். "வெல்லமும் இருக்கு."

அவளுக்குக் கோபம் இல்லை. எழுந்து போய் போனை எடுத்து சி பிளாக்குக்குப் பேசினாள். "மாமி, அங்கே கொண்டுபோனதுல மிச்சம் இருக்கா? கிண்ணத்துல போட்டுண்டு வாங்கோ போன்கிட்டே... ஆமா, இப்போதான். முகர்ந்து பாத்து எனக்குச் சொல்லுங்கோ. அவசரமில்லை, ஒவ்வொண்ணாச் சொல்லுங்கோ. எது முன்னாடி வரது?"

மறுமுனையில் மாமி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி தன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"நெய்," என்றாள். "சரி. அப்புறம்?"